வாக்குத்தத்த அட்டை இன்னும் சுவரில் தொங்குகிறது. வேதத்தை எந்தப் பக்கத்தில் திறப்பது?

வேப்பமரத்து வீடு (இரவு 11.52)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மூன்று வாரமாக எழுதுவதும் அழிப்பதுமாக இருந்துவிட்டு இன்று துணிந்து பதிவிடுகிறேன்.

போன டிசம்பர் 31ஆம் தேதி இரவு ஆராதனை முடிந்ததும், வழக்கம்போலத் தட்டில் கவிழ்த்து வைத்திருந்த, புது வருடத்துக்கான வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை என் கணவர் எடுத்தார். அப்போது அவருக்கு வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. கோயில் படியிறங்க முடியாமல் இரண்டாவது படியிலேயே உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே தொலைபேசி வெளிச்சத்தில் அதை வாசித்தார். எரேமியா 29:11. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." என்னை நிமிர்ந்து பார்த்து, "எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பாராம், பார்த்தாயா?" என்று சிரித்தார்.

பங்குனியில் இறந்துவிட்டார்.

அட்டை நாட்காட்டிக்கு மேலே அதே ஆணியில் தொங்குகிறது. நீலக் கரை, ஓரத்தில் ஒரு ஆட்டுக்குட்டிப் படம். கழற்றவும் மனம் வரவில்லை, அதன்கீழே நடமாடவும் முடியவில்லை. எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. ஓய்வுநாள் பள்ளி வசனப் போட்டிக்காக 23ஆம் சங்கீதம் படிக்கிறாள். "நான் மரண இருளின்" என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

ஆறுதல் ஜெபத்துக்கு வந்த ஒருவர், குணமாகிவிட்டது என்று விசுவாசத்தோடு அறிக்கையிட்டிருந்தால் இது நடந்திருக்காது என்று என் காதில் விழும்படி சொன்னார். அன்றிலிருந்து வேதத்தைத் திறக்கவில்லை. வெறுப்பு ஒன்றும் இல்லை. எந்தப் பக்கத்தில் என்ன காத்திருக்கிறதோ என்ற பயம்தான். இப்படி ஒரு காலத்தைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால், எந்தப் பக்கத்தைத் திறந்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

நங்கூரம் (இரவு 12.20)

சகோதரி, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனாலும் சத்தியத்தைச் சொல்லியாக வேண்டும். ரோமர் 8:28 சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிறது. நமக்குப் புரியாததால் வாக்குத்தத்தம் பொய்யாகிவிடாது. எகிப்திலிருந்து வந்து வனாந்தரத்தில் தேவனுக்கு எதிராக முறுமுறுத்த இஸ்ரவேலருக்கு என்ன நேர்ந்தது என்பதை 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். அந்த வழியில் போய்விடாதீர்கள். காலையில் எழுந்ததும் துதியோடு தொடங்குங்கள், பாரம் இறங்கும்.

பனையடி வாத்தியார் (காலை 5.40)

மகளே, உன்னை மகளே என்று கூப்பிடும் வயது எனக்கு இருக்கிறது. 34 வருடம் பள்ளியில் தமிழ் நடத்தினேன். அதைவிட நீண்ட காலமாக ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுக்கிறேன். என் மூத்த மகனை அடக்கம் செய்துவிட்டு வந்த இரவில் நானும் இதே வசனத்தோடு மல்லுக்கட்டியவன்.

அட்டையில் 11ஆம் வசனத்தை அச்சடிக்கிறார்கள், 10ஆம் வசனத்துக்கு அதில் இடமில்லை. அதை வாசி. பாபிலோனிலே 70 வருஷம் முடிந்தபின்பு உங்களைச் சந்திப்பேன் என்று இருக்கிறது. எரேமியா அந்தக் கடிதத்தை எழுதியது கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து சிறைபிடித்துக்கொண்டு போன மக்களுக்கு. முப்பது வயதில் சிறைப்பட்டுப் போனவன், 70 வருடம் கழித்து ஊர் திரும்புவானா? அந்தக் கடிதம் உரக்க வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் அநேகமாக எல்லாரும் அந்நிய மண்ணில்தான் அடக்கமானார்கள். அவர்களுக்குத்தான் "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று எழுதப்பட்டது.

அதற்கு முந்தின 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் சொல்கிறான். கேட்பதற்கு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று எரேமியா அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். உன்னிடம் விசுவாசக் குறைவு என்று சொன்னவர் அனனியாவின் பள்ளிக்கூடத்தில் படித்தவர். எரேமியாவின் கடிதம் வேறு விதமாகப் பேசுகிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளைக் கட்டிக்கொடுங்கள் என்கிறது. துக்கம் சீக்கிரம் தீராது என்று தெரிந்தவர் எழுதிய கடிதம் அது. தீராத காலத்திலும் உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று கர்த்தர் அதில் சொல்லி அனுப்புகிறார்.

உன் கணவர் படியில் உட்கார்ந்து வாசித்தது பொய்யில்லை, மகளே. அவர் கைக்கு வந்தது பாதிக் கடிதம்.

எந்தப் பக்கம் என்று கேட்டாய். 13ஆம் சங்கீதத்தைத் திற. ஆறே வசனம்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும். ஆறையும் படிக்க வேண்டியதில்லை. இரண்டு வசனத்தோடு மூடி வைத்துவிடலாம்.

இராப்பணி (காலை 7.15)

அக்கா, நான் செவிலியர். வலி தணிக்கும் சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி முடிந்து இப்போதுதான் வந்தேன். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள், என் சொற்கள் கொஞ்சம் வேறாக இருக்கும்.

எங்கள் பிரிவில் நடுச்சாமத்தில் யாருக்கும் வசனம் தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை. தண்ணீர் கேட்பார்கள். தலையணையைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்வார்கள். அதனால் எனக்குப் பிடித்த பகுதி எலியாவின் கதை, 1 அரசர் 19. எதிரிகளை வென்ற இறைவாக்கினர் ஒரு செடியடியில் படுத்துக்கொண்டு, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். வானதூதர் வந்து என்ன செய்தார் தெரியுமா? தொட்டு எழுப்பி, சாப்பிடு என்றார். தணலில் சுட்ட அப்பம், ஒரு குவளை தண்ணீர். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். தூதர் திட்டவில்லை. இரண்டாம் முறையும் வந்து தொட்டு, எழுந்து சாப்பிடு, பயணம் நெடுந்தொலைவு என்றார். உன் நம்பிக்கை எங்கே போயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா, அக்கா? இரவில் தூங்குகிறீர்களா?

பனையடி வாத்தியார் (காலை 7.31)

எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் அந்த அப்பம் "தழலில் சுடப்பட்ட அடை" என்று இருக்கிறது. அந்தச் சொல்லை வாசிக்கும்போதெல்லாம் என் தாயார் பனையோலை எரித்துச் சுட்டுத் தந்த அடையின் மணம் வந்துவிடும். நன்றாகச் சொன்னாய், தாயே.

வேப்பமரத்து வீடு (மாலை 4.05)

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

தங்கைக்கு: இரவில் தூங்குவதில்லை. டயாலிசிஸ் நாட்களில் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து கஞ்சி வைத்துக்கொடுத்துப் பழகிவிட்டேன். இப்போதும் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து கஞ்சி வைக்க யாரும் இல்லை.

ஐயா சொன்ன பத்தாம் வசனத்தை வாசித்தேன். 16 வருடமாக வேதம் வாசிக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். இந்த வசனத்தை யாரும் எனக்குக் காட்டியதில்லை. 13ஆம் சங்கீதத்தில் முதல் வசனத்தைத் தாண்ட முடியவில்லை. அந்த ஒரு வசனத்தையே இருபது தடவை வாசித்திருப்பேன்.

நங்கூரம் (மாலை 6.48)

வாத்தியார் ஐயாவுக்குப் பணிவோடு ஒரு கேள்வி. சகோதரியைக் காயப்படுத்த எழுதவில்லை. தேவனிடம் "ஏன் மறந்தீர்" என்று கேட்கலாம் என்றால், முறுமுறுப்பு பாவம் என்று அதே வேதம் ஏன் சொல்கிறது? இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது?

பனையடி வாத்தியார் (இரவு 8.10)

நல்ல கேள்வி, தம்பி. இதற்கு விடை தேட எனக்குப் பல வருடம் பிடித்தது.

வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்களைப் பற்றி 106ஆம் சங்கீதம் சொல்லும்போது, "தங்கள் கூடாரங்களில் முறுமுறுத்து" என்கிறது. உபாகமம் முதல் அதிகாரத்திலும் கூடாரத்துக்குள் இருந்துகொண்டுதான் பேசுகிறார்கள். கர்த்தர் நம்மை வெறுத்துவிட்டார் என்று அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். 13ஆம் சங்கீதத்துக்காரன் யாரிடம் பேசுகிறான்? "கர்த்தாவே" என்று கூப்பிட்டுவிட்டு அவரிடமே கேட்கிறான். வழக்கைக் கொண்டுபோக வேண்டிய வாசலுக்கே கொண்டுபோகிறான். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட புலம்பல்கள்தான். கர்த்தருக்குப் பிடிக்காத பேச்சாக இருந்தால் தமக்குப் பாடும் பாட்டுப் புத்தகத்தில் சேர்க்க விட்டிருப்பாரா?

88ஆம் சங்கீதத்தைப் பார். மற்றப் புலம்பல்கள் கடைசியிலாவது துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பவில்லை. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் இருள். அவ்வளவோடு முடிந்துவிடுகிறது. ஆனால் நடுவிலே, "காலையிலே என் விண்ணப்பம் உமக்கு முன்பாக வரும்" என்று ஒரு வரி இருக்கிறது. பதில் வராத இடத்துக்கு நாளைக் காலையும் வருவேன் என்கிறான்! என் மகன் போன பிறகு, ஒரு வருடம் எனக்கு இருந்த விசுவாசம் அந்த ஒரு வரி அளவுதான். அதற்கு மேல் இருந்தது என்று சொன்னால் பொய் சொன்னவன் ஆவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீளமாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே... அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்பதும் அட்டைகளில் அதிகமாக வரும் வசனம். அது எங்கே இருக்கிறது? புலம்பல் 3ஆம் அதிகாரத்தில். எருசலேம் எரிந்து கிடக்கும்போது எழுதிய புத்தகம். ஐந்து அதிகாரத்தில் முதல் நான்கும் எபிரெய எழுத்துகள் 22இன் வரிசையில் அமைந்தவை. ஒன்று, இரண்டு, நான்காம் அதிகாரங்களில் எழுத்துக்கு ஒரு வசனம், மூன்றாவதில் எழுத்துக்கு மூன்றாக 66 வசனம். நம் பிள்ளைகள் அகரவரிசையில் அறநூல் படிப்பதுபோல அங்கே துக்கத்தை எழுத்து எழுத்தாகச் சொல்கிறார்கள். ஊரே இடிந்து கிடக்கும்போது இவ்வளவு ஒழுங்கு எதற்கு என்று யோசித்திருக்கிறேன். அழுகைக்குக் கரை வேண்டும் என்பதற்காக இருக்கலாம். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒன்றையும் விடாமல் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவும் இருக்கலாம். ஐந்தாம் அதிகாரத்திலும் 22 வசனம் உண்டு, எழுத்து வரிசை மட்டும் இல்லை. அதற்குள் களைத்துப்போனார்கள் போலும்.

"காலைதோறும் புதியவைகள்" என்று சொன்ன அதே மனிதன் சில வசனங்களுக்கு முன்பு, அவர் பருக்கைக்கற்களால் என் பற்களை நொறுக்கினார் என்று கர்த்தரைப் பற்றிச் சொல்கிறான். நான் கதறினாலும் என் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார் என்கிறான். கிருபையைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகும் மறுபடி அழுகிறான். வாய் முழுக்கக் கல் இருக்கும்போது வந்த சொல், தம்பி, கிருபை என்பது.

அமரம் (இரவு 9.37)

வணக்கம். நீண்ட நாளாக இங்கே வாசிப்பவன், எழுதுவது இதுவே முதல் முறை. குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன்.

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் எங்கள் கடலைக் கடந்தது. ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் தங்கிப் பிடிப்பவர்கள், எச்சரிக்கை வருவதற்கு வெகுநாள் முன்பே போய்விட்டார்கள். என் அண்ணன் போன படகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வேப்பமரத்து வீட்டு அக்காவுக்குக் கல்லறையாவது இருக்கிறது என்று நினைத்தேன். நினைத்த மறுகணம் அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் கோவிலில் இயேசு புயலை அடக்கும் பகுதியை வாசித்தாலே என் அம்மா எழுந்து வெளியே போய்விடுவார். அந்தப் படகை மட்டும் காப்பாற்றினாரே என்பார். எங்கள் பங்குத்தந்தை அதற்கு ஒன்றும் விளக்கம் சொல்லவில்லை. ஒரு மாலை வீட்டுக்கு வந்து திண்ணையில் அமர்ந்து, மாற்கு 4ஆம் அதிகாரத்தில் ஒரே ஒரு வசனத்தை மட்டும் வாசித்தார். "போதகரே, சாகப்போகிறோமே! உமக்குக் கவலையில்லையா?" வாசித்துவிட்டு, இதைக் கேட்டவர்களும் மீனவர்கள்தான் அம்மா என்றார். அவ்வளவுதான். தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மா அன்றிரவு முழுவதும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்டவர் படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்கினார் என்று அதில் இருக்கிறது. எங்கள் பேச்சில் அது அமரம். "அமரத்தில் படுத்துக் கிடக்கிறவரை நாம்தான் தட்டி எழுப்ப வேண்டும்" என்று அம்மா சொன்னார். இப்போதும் விடியற்காலையில் கரைக்குப் போய் நின்று கடலைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கிறார். பதில் வந்ததா என்று நான் கேட்டதில்லை. கேட்டுவிட்டு வரும் நாட்களில் சோறு உண்கிறார், கேட்காத நாட்களில் உண்பதில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

கரிசல் (இரவு 10.14)

உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்ய முடியவில்லை, தம்பி.

நான் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் பாட்டி ஊரில் ஒப்பாரிக்குப் பேர்போனவர். சபையில் சேர்ந்த பிறகு, நம்பிக்கையற்றவர்களைப்போல அழக்கூடாது என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். தாத்தா இறந்த அன்று பாட்டி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சி எனக்கு மறக்கவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது. பிற்காலத்தில் எரேமியா 9ஆம் அதிகாரம் வாசித்தபோது திகைத்துப்போனேன். புலம்பற்காரிகளை வரவழையுங்கள், உங்கள் குமாரத்திகளுக்குப் புலம்பலைக் கற்றுக்கொடுங்கள் என்று இருக்கிறது! சொல்கிறவர் கர்த்தர். பாட்டிக்கு அதை வாசித்துக் காட்ட அவர் உயிரோடு இல்லை.

பவுல் 1 தெசலோனிக்கேயரில் நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதானே எழுதுகிறார்? துக்கிக்கவே வேண்டாம் என்று எங்கே எழுதினார்? லாசருவின் கல்லறைக்கு முன்னே நின்று, அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டாரே!

இராப்பணி (அதிகாலை 2.30, பணியிலிருந்து)

இப்போது கொஞ்சம் அமைதியாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

"என் கிருபை உனக்குப் போதும்" என்று உங்கள் மொழிபெயர்ப்பிலும், "என் அருள் உனக்குப் போதும்" என்று எங்களுடையதிலும் வரும் 2 கொரிந்தியர் 12:9ஐப் பலர் நோயாளிகளிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். கேட்கிறவர் முகம் சில சமயம் சுவர்ப் பக்கம் திரும்பிவிடும். எனக்குத் தோன்றுவது, அது பவுலுக்கே ஆண்டவர் சொன்னது. உடலில் தைத்த முள் என்று தாம் சொன்ன துன்பத்தை எடுத்துவிடும்படி மூன்று முறை கேட்டும் அந்த முள் எடுக்கப்படாத ஒருவர், தம் வாயால் சாட்சியாகச் சொன்னது. முள் குத்தாத ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதை எடுத்துச் சொன்னால், உனக்கு இதுவே போதும், அதிகம் கேட்காதே என்பதுபோல் ஒலித்துவிடுகிறது. நோயாளிகளே அதைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அப்போது அந்த வசனத்துக்கு வேறு எடை.

யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தபோது நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. மணி அடிக்கிறது, போகிறேன்.

நங்கூரம் (காலை 6.02)

இரவெல்லாம் இதை வாசித்துக்கொண்டிருந்தேன்.

என் நண்பனின் குழந்தையை அடக்கம் செய்த அன்று, குழி மூடும் முன்பே ரோமர் 8:28ஐ அவனிடம் சொன்னவன் நான். அவன் என் கையை மெதுவாக விலக்கிவிட்டான். துக்கத்தில் அப்படிச் செய்கிறான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அந்த வசனத்துக்கு இரண்டு வசனம் முன்னால் என்ன இருக்கிறது என்று இன்றுதான் கவனித்து வாசித்தேன். நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதபோது, "ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார்." அன்று ஆவியானவரே வார்த்தையில்லாமல் நின்ற இடத்தில் நான் வசனம் சொல்லியிருக்கிறேன்.

என்றாலும் வாக்குத்தத்தங்களை நான் விடமாட்டேன், ஐயா. என் கடையை மூடி, கடன்காரர்கள் வாசலில் நின்ற காலத்தில் ஆபகூக் 3:17ஐப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் என்று போகும் அந்த வசனம். அதிலும் ஒவ்வொரு இழப்பாகப் பெயர் சொல்லி எண்ணிய பிறகுதான் "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்று வருகிறது. எண்ணுவதற்கு முன்பே மகிழச் சொல்லி மற்றவர்களை அவசரப்படுத்தியிருக்கிறேன்.

சகோதரி, முதலில் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இன்று அந்த நண்பனைப் பார்க்கப் போகிறேன். வசனம் எதுவும் கொண்டுபோகவில்லை.

பனையடி வாத்தியார் (காலை 6.20)

வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போ, தம்பி. வெறுங்கையோடு போகாதே.

வேப்பமரத்து வீடு (ஞாயிறு, இரவு 9.50)

ஐந்து நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும்.

சகோதரர் நங்கூரத்தின்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அமரம் தம்பியின் அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். கல்லறை பற்றி நீங்கள் எழுதியதில் தவறில்லை. நான் அங்கே போய் உட்காருகிறேன், அவருக்குப் போய் உட்கார இடமில்லை. கரிசல் அக்காவின் பாட்டியைப் பற்றிப் படித்த இரவில், என் கணவர் போன பிறகு முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதேன். மகள் எழுந்து வந்து என் மடியில் படுத்துக்கொண்டாள். "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்" என்று அவளாகவே தொடங்கி, "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" வரை சொன்னாள். சொல்லிவிட்டு, "அம்மா, இதற்கு முன்னால் எல்லாம் கர்த்தர் என்னை மேய்க்கிறார், நடத்துகிறார் என்று வருகிறது. இந்த இடத்தில் மட்டும் ஏன் தேவரீர் என்று வருகிறது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நான் இதுவரை கவனித்ததே இல்லை.

இன்று காலை கோயிலில் பெண்கள் சங்கக் கூட்டம். சாட்சி சொல்ல யாராவது உண்டா என்று கேட்டார்கள். எழுந்து 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கூட்டம் முடியும்வரை என் கையைத் தம் மடியில் வைத்துக்கொண்டார். அவர் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது.

அட்டையை எடுக்கவில்லை. அதன் கீழே ஒரு தாளில் பத்தாம் வசனத்தை எழுதி ஒட்டியிருக்கிறேன். மகள் பென்சிலால் எழுதினாள்.

பனையடி வாத்தியார் (ஞாயிறு, இரவு 10.05)

பிள்ளை சரியான இடத்தைப் பிடித்துவிட்டாள். அதுவரைக்கும் தாவீது கர்த்தரைப் *பற்றி*ப் பேசுகிறான். இருட்டுக்குள் நுழைந்ததும் அவரைப் *பார்த்து*ப் பேசத் தொடங்கிவிடுகிறான். 34 வருடம் இலக்கணம் நடத்தினேன், முன்னிலை படர்க்கை என்று கரும்பலகையில் எழுதி எழுதிக் கை தேய்ந்தது. இதை ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை எனக்குக் காட்டித்தர வேண்டியிருந்தது. வசனப் போட்டி எப்போது, மகளே?

வேப்பமரத்து வீடு (ஞாயிறு, இரவு 10.11)

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு, ஐயா. நாளை அவளுக்குப் பள்ளியில் கணக்குத் தேர்வு இருக்கிறது, படுக்கப் போகிறோம். செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கு விழிப்பு வந்தால் 130ஆம் சங்கீதத்தைத் திறக்கலாம் என்று இருக்கிறேன்.

இராப்பணி (ஞாயிறு, இரவு 10.13)

செவ்வாய் எனக்கு இரவுப் பணிதான், அக்கா. மூன்றரைக்கு நானும் விழித்திருப்பேன். இங்கே எழுதுங்கள்.